கேபின் க்ரூ வேலைக்கு செலக்ட் ஆன கதை

புது ஃப்ளைட் நிறைய வருது, கேபின் க்ரூவுக்கு, அதாவது ஃப்ளைட்டுக்குள்ள பயணிகளைப் பாத்துக்குற வேலைக்கு, நிறைய பேரை எடுக்கப் போறோம்னு ஒரு ஏர்லைன் அறிவிச்ச அன்னைக்கே அப்ளை பண்ணிட்டேன். இத்தனை பேர் எதுக்குன்னு அப்ப புரியல. 50 சீட்டுக்கு ஒரு க்ரூங்கிறது பல நாட்டுல ரூல், 180 சீட்டுன்னா நாலு பேர், ஆனா ஃப்ளைட் நாள் பூரா பறக்கும், நமக்கு டியூட்டி நேரத்துக்கு லிமிட் இருக்கு, ரெஸ்ட் கட்டாயம், அதனால ஒரே ஃப்ளைட்டுக்குப் பல செட் க்ரூ வேணும்.

முதல்ல ரீச் டெஸ்ட். செவுத்துல 212 செ.மீ.ல ஒரு கோடு, ஷூவைக் கழட்டிட்டு நுனிக்கால்ல நின்னு தொடணும். மேல இருக்குற லாக்கர்ல எமர்ஜென்சி சாமான் இருக்கும், அது கைக்கு எட்டணும்ல. எனக்கு முன்னாடி நின்ன பொண்ணுக்கு ஒரு விரல்கடை எட்டல, மூணு தடவ எம்பிப் பாத்துட்டு ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு போயிருச்சு, இன்னும் கண்ணுலயே நிக்குது.

குரூப் டிஸ்கஷன்ல அடுத்தவங்கள பேசவே விடாதவங்கதான் முதல்ல வெளிய போனாங்க. இன்டர்வியூல கோவமா வந்த ஒருத்தர எப்படி சமாளிச்சீங்கன்னு கேட்டாங்க, பழைய வேலைல நெஜமா நடந்ததைச் சொன்னேன், மனப்பாடம் பண்ணிட்டுப் போன பதில் எதுவும் தேவைப்படல.

மெடிக்கல் முடிஞ்சு ஆஃபர் லெட்டரும் வந்துச்சு. உடனே இருந்த வேலைய விட்டுட்டேன், அங்கதான் தப்பு. ஃப்ளைட் டெலிவரி லேட்டு, ட்ரெய்னிங் பேட்ச்ல இடமில்லன்னு அஞ்சு மாசம் இழுத்துட்டாங்க, மெயில் போட்டா பதிலே கிடையாது, கைல காசில்லாம ரொம்பக் கஷ்டப்பட்டேன். தயவுசெஞ்சு ஜாயினிங் தேதி எழுத்துல வராம யாரும் ரிசைன் பண்ணாதீங்க.

ட்ரெய்னிங்ல சாப்பாடு பரிமாறக் கத்துக்கிட்டது கொஞ்ச நாள்தான், மிச்சமெல்லாம் சேஃப்டி. புகை நிறைஞ்ச ரூம்ல தவழ்ந்து வெளிய வரணும், லைஃப் ஜாக்கெட் மாட்டி தண்ணில குதிக்கணும், சிபிஆர்ல, அதாவது இதயம் நின்னுபோனவங்களுக்குச் செய்யுற முதலுதவில, நெஞ்சுல 30 அழுத்து 2 மூச்சுன்னு முட்டி வலிக்கிற வரைக்கும். பாதி கதவு மட்டும் தொறந்தாலும் 90 செகண்டுல எல்லாரும் இறங்கிடணும்னு டெஸ்ட் பண்ணித்தான் விமானத்துக்கே அனுமதி கொடுப்பாங்களாம். அதுக்கு நாம போடுற சத்தம் கடைசி சீட் வரைக்கும் கேக்கணும், எனக்கோ சின்னக் குரல். "இன்னும் சத்தமா"ன்னு ட்ரெய்னர் திரும்பத் திரும்பச் சொல்ல வச்சாங்க, தொண்டை கட்டிக்கிட்டு ரெண்டு நாள் பேச்சே வரல, ஆனா ஃபைனல் செக்ல பாஸ்.

இப்பவும் ஒவ்வொரு டேக் ஆஃப்லயும் கதவுக்குப் பக்கத்துல க்ரூவுக்குன்னு இருக்குற ஜம்ப் சீட்ல பெல்ட் போட்டு உக்காந்ததும், வெளிய பாரு, கதவைத் தொற, பயணிங்க சறுக்கி இறங்குற ஸ்லைடு விரிஞ்சுதா பாரு, கத்துன்னு மனசுக்குள்ள வரிசையா ஒரு தடவ சொல்லிப் பாத்துக்குவேன்.