சிறுநீரை அடக்க முடியவில்லையா? முதலில் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

சிறுநீர் அடக்க முடியாமல் போக ஆரம்பித்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, தண்ணீரைக் குறைப்பது. அடுத்தது, வெளியே கிளம்பும்போதெல்லாம் வந்தாலும் வராவிட்டாலும் ஒருமுறை போய்விட்டு வருவது. இரண்டும் தொல்லையைக் கூட்டும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையின் உட்சுவரை உறுத்தும். மலம் இறுகும், இறுகிய மலம் பின்னாலிருந்து பையை அழுத்தும். சும்மா சும்மா போய்வந்தால் 100 மில்லி சேர்ந்ததுமே அவசரப்படுத்தப் பை பழகிக்கொள்ளும். பெரியவர் ஒருவரின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். 150, 200 மில்லியில் வரும் முதல் உணர்வுக்கு உடனே ஓட வேண்டியதில்லை.

கசிவில் வகை உண்டு. வகை தெரியாமல் வைத்தியம் பார்ப்பதுதான் காசு கரையும் இடம். திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் போவதற்குள் கொஞ்சம் போய்விடுவது அவசரக் கசிவு. வீட்டு வாசலில் சாவி போடும்போதும் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதும் பீறிட்டு வருவது இந்த வகை. இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் கசிவது அழுத்தக் கசிவு. பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கும், ப்ராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அகற்றிய ஆண்களுக்கும் அதிகம். பை சரியாகக் காலியாகாமல் நிரம்பி வழிந்து, நாள் முழுக்கச் சொட்டுவது மூன்றாவது. ப்ராஸ்டேட் வீக்கத்திலும், நெடுநாள் சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களிடமும் இதைப் பார்க்கலாம். முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கும் பெண்கள் நிறையப் பேர்.

டாக்டரிடம் போகும் முன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டும் என்றில்லை. வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துக்கொள்ளலாம். மில்லி கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி போனது, அவசரம் இருந்ததா, கசிந்ததா, இடையில் என்ன குடித்தீர்கள் என்பதை அப்போதைக்கப்போதே எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பிரயோஜனமில்லை. மோர், ரசம், கஞ்சி, இளநீர் எல்லாமே கணக்கில் சேரும்.

இனி அந்தத் தாளைப் படிக்கலாம். ஒரு நாளில் பன்னிரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 100, 120 மில்லி என்றால் பை அளவுக்கு மீறித் துடிக்கிறது. பன்னிரண்டு தடவையும் 300 மில்லி என்றால் பைமேல் குற்றமில்லை, உற்பத்தியே அதிகம். 24 மணி நேர மொத்தம் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லியைத் தாண்டினால் (60 கிலோ எடைக்கு 2,400 மில்லி) சர்க்கரை, குடிக்கும் அளவு, மாத்திரைகள் மூன்றையும் பார்க்க வேண்டும். ராத்திரி அளவைத் தனியாகக் கூட்டுங்கள். விடிந்ததும் போகும் முதல் சிறுநீரும் ராத்திரிக் கணக்கில்தான் வரும். வயதானவர்களுக்கு அது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பையை அடக்கும் மாத்திரை பெரிதாக உதவாது. பகலில் காலில் தேங்கும் நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக இறங்குவது ஒரு காரணம். மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்திருப்பது, நீர் மாத்திரையை ராத்திரி போடாமல் மத்தியானத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்பது, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குடிப்பதை நிறுத்துவது எல்லாம் இங்கே கை கொடுக்கும். பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் ராத்திரிச் சிறுநீர் கூடும். அதைத் தனியே கவனிக்க வேண்டும்.

முட்டிக்கொண்டு வரும்போது ஓடாதீர்கள். ஓட்டத்தில் பைமேல் அழுத்தம் ஏறும், கவனமும் முழுக்க அதிலேயே போகும். நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை ஐந்தாறு தடவை படபடவென்று இறுக்கி விடுங்கள். இந்தத் தசை இறுகினால் பைத்தசைக்குத் தளரச் சொல்லி நரம்பு வழியே சேதி போகும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். அவசரம் அலை மாதிரி ஏறி இறங்கும். அது இறங்கிய பிறகு சாதாரண நடையில் போங்கள்.

இதைக் கொண்டே இடைவெளியையும் நீட்டலாம். கணக்குத் தாளில் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டி, மூன்று மணி நேரத்தை எட்டப் பாருங்கள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். பத்தாம் நாள் விட்டுவிடுபவர்களே அதிகம். காபி, டீயையும் இந்த நேரத்தில் குறையுங்கள். ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து வரலாம். மொத்தத்தில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடித்தால் போதும். வெயிலில் வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்கு அவர் குடிக்க வேண்டும்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948ல் எழுதினார். அவர் பெயரில்தான் இன்றும் கீகல் பயிற்சி. சபையில் வாயு பிரியாமல் இருக்க எதை இறுக்குவோமோ அதுதான் அந்தத் தசை. ஆண்களுக்குச் சரியாக இறுகினால் விரை லேசாக மேலேறும், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். எட்டு முதல் பத்து விநாடி பிடித்து, அதே நேரம் முழுக்கத் தளர்த்தி, ஒரு வேளைக்கு எட்டு தடவை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். ஆரம்பத்தில் மூன்று விநாடிதான் முடிகிறதென்றால் மூன்றே போதும். வயிற்றையும் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவது, மூச்சைப் பிடிப்பது, முக்குவது: இவைதான் வழக்கமான பிழைகள். முக்கினால் தசை கீழே தள்ளப்பட்டு நிலைமை மோசமாகும். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்வதும் தவறு. பை முழுதாகக் காலியாகாது. அழுத்தக் கசிவுக்காரர்கள் இருமல் வரும் நொடிக்கு முன்பே இறுக்கப் பழகிக்கொண்டால் பயிற்சியின் பலன் அன்றாடத்தில் தெரியும்.

எடை அதிகமுள்ள பெண்களுக்கு எடைக்குறைப்பே ஒரு மருந்து. அமெரிக்காவில் 2009ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சராசரியாக 8 சதவீத எடை குறைத்தவர்களுக்கு வாராந்தரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் அவசரத்துக்கு, டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் பிறப்புறுப்பில் தடவுவது பலருக்கு உதவும். கர்ப்பப்பை இறங்கியிருந்தால், அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்பவர்கள் உள்ளே பொருத்தும் வளையம் பற்றிக் கேட்கலாம்.

பெரும்பாலும் ஆண்களுக்கு வரும் தொல்லை ஒன்று: போய்விட்டு வந்து பேண்டைப் போட்ட பிறகு வடியும் நாலு சொட்டு. சிறுநீர்க்குழாயின் வளைவில் தங்குவதுதான் அது. எவ்வளவு உதறினாலும் வராது. விரைப்பைக்குப் பின்னால் மூன்று விரலை வைத்து அழுத்தி, மெதுவாக முன்னோக்கி வருடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் வடிந்துவிடும்.

மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பையை அடக்கும் சோலிஃபெனசின், ஆக்ஸிபியூட்டினின் வகை மாத்திரைகளால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், முதியவர்களுக்குக் குழப்பமும் மறதியும் வரலாம். அதே வேலைக்குக் கொடுக்கும் மிராபெக்ரானுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் கட்டுக்கடங்காமல் இருப்பவருக்குக் கொடுப்பதில்லை. ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர் கண்புரை அறுவைக்கு முன் கண் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேறு நோய்க்குப் போடும் மாத்திரையே காரணமாகவும் இருக்கலாம். பிரஷருக்குப் போடும் ராமிபிரில், எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுத்துக் கசியவைக்கும். சர்க்கரைக்குப் போடும் டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரைக் கூட்டும். கடையில் வாங்கிப் போடும் சளி மாத்திரை ப்ராஸ்டேட்காரருக்குச் சிறுநீரையே அடைத்துவிடும். எதையும் தானாக நிறுத்தாமல், பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டர் முதலில் சிறுநீர்ச் சோதனை, சர்க்கரை, பிறகு ஸ்கேன் எழுதுவார். போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் ஸ்கேனில் முக்கியம். ஸ்கேன் சென்டரில் பாட்டில் பாட்டிலாகக் குடித்து வெடிக்கும் அளவுக்கு அடக்கிவிட்டுப் போனால் பை சோர்ந்து, மிச்சம் பொய்யாக அதிகம் காட்டும். வழக்கமான அவசரம் வந்ததுமே சொல்லிவிடுங்கள்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல் இருந்தால் கணக்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள். அறவே போகாமல் அடிவயிறு புடைப்பது, முதுகுவலியோடு பிறப்புறுப்பும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போவது இரண்டும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை.

அதுவரைக்கும் பேட் வேண்டுமென்றால் சிறுநீருக்கென்று விற்பதையே வாங்குங்கள். மாதவிடாய் நாப்கின், மெதுவாக வரும் ரத்தத்துக்குச் செய்தது. சடாரென்று வரும் சிறுநீரை உறிஞ்சாமல் ஓரத்தில் விட்டுவிடும். நனைந்ததை உடனே மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். கிருமிநாசினி ஊற்றிக் கழுவினால் தோல் புண்ணாகும். ராத்திரி எழுந்து போகும் முதியவருக்குக் கட்டிலடியில் ஒரு யூரின் கேனும் வழியில் சின்ன விளக்கும் வைத்துவிடுங்கள். அவசரத்தில் இருட்டில் நடந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு.