விளக்கு வைத்த படச்சட்டம்: நான் செய்த விதம்

நல்ல ஓவியம் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு, ராத்திரி அறையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் மனசே ஆறாது. சிவப்பெல்லாம் செத்துப்போய், கண்ணாடியில் விளக்கின் பிரதிபலிப்பு மட்டும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் உள்ளேயே விளக்கு வைத்த சட்டம் ஒன்றை நானே செய்ய உட்கார்ந்தேன். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: படம் தெரிய வேண்டும், விளக்கு இருக்கும் இடமே தெரியக் கூடாது.

அதற்குச் சட்டம் ஆழமாக இருக்க வேண்டும். சாதாரண பிரேமில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடமே இருக்காது. நான் மரச்சட்டத்தைப் பெட்டி மாதிரி இரண்டரை அங்குல ஆழத்துக்குச் செய்து, படத்தைப் பின்பலகையோடு ஒட்டி நிறுத்தினேன். எல்இடி பட்டை (சின்னச் சின்ன எல்இடி விளக்குகள் வரிசையாகப் பதித்த நாடா) முன்விளிம்புக்குப் பின்னால், கண்ணுக்கு மறைவாக உட்கார்ந்திருக்கிறது. ஆழம் குறைந்தால் மேல் ஓரம் மட்டும் வெளுத்துப்போய் கீழே இருட்டாகிவிடும். படம் உயரமாக இருந்தால் மேலே மட்டும் பட்டை வைத்தால் போதாது, நாலு பக்கமும் ஓட்டுவதே நல்லது. பெட்டியின் உட்புறத்துக்குப் பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடித்தால் வெளிச்சம் இன்னும் சீராகப் பரவும்.

பட்டை வாங்கும்போது எத்தனை வாட் என்று மட்டும் பார்க்காதீர்கள். சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 90-க்கு மேல் இருக்க வேண்டும், 95 கிடைத்தால் விடவே கூடாது. 80 உள்ளதையும் 95 உள்ளதையும் ஒரே படத்தின் மேல் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள், குங்குமச் சிவப்பு ஒன்றில் செங்கல் நிறமாகவும் இன்னொன்றில் குங்குமமாகவும் தெரியும். வெளிச்சத்தின் நிறம் 3000 கெல்வின் என்றால் இதமான மஞ்சள், நீலமும் பச்சையும் அதிகமுள்ள படத்துக்கு 4000 பொருந்தும். அப்புறம், பட்டையை அலுமினியச் சேனலுக்குள் ஒட்டி, மேலே பால்நிற மூடி போட்டுவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியாது, சூட்டையும் அலுமினியம் இழுத்துக்கொள்ளும்.

மின்சாரக் கணக்கு சுலபம். மீட்டருக்கு 9.6 வாட் இழுக்கும் 12 வோல்ட் பட்டை ஒன்றரை மீட்டர் என்றால் 14.4 வாட். அதோடு இருபது சதவீதமாவது கூடுதலாகத் தாங்கும் அடாப்டர் வேண்டும், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், அதாவது 24 வாட், தாராளமாகப் போதும். பட்டையை அதில் குறித்திருக்கும் கோட்டில் மட்டும்தான் வெட்ட வேண்டும். அடாப்டரைப் பெட்டிக்குள் திணிக்க வேண்டாம், வெளியே வையுங்கள்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் கட்டாயம் போடுங்கள் என்பேன். வாட்டர்கலர் மாதிரி காகிதத்தில் வரைந்ததற்கு அருங்காட்சியகங்களில் சுமார் 50 லக்ஸ்தான் (படத்தின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) வைப்பார்கள், எண்ணெய் ஓவியத்துக்குச் சுமார் 200. எல்இடியில் புற ஊதாக் கதிர் அநேகமாக இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நிறத்தை மெல்ல மெல்ல வெளுக்கச் செய்யும், வெளுத்தது திரும்ப வரவே வராது. எவ்வளவு பிரகாசம், எத்தனை மணி நேரம் என்பது இரண்டும் சேர்ந்துதான் கணக்கு. யாரோ பொறுமையாக உட்கார்ந்து வரைந்ததை நம்முடைய ஆசைக்காக வெளுக்க விடக் கூடாது இல்லையா, ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் போர்டும் அமிலமில்லாததாக இருக்கட்டும், மலிவான அட்டை நாளடைவில் காகிதத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும்.

பின்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல் திருகாணி வைத்து முடுக்கினேன். மரச்சட்டம் எத்தனையோ வருஷம் உழைக்கும், பட்டை அதற்கு முன்னாலேயே மங்கிவிடும், அப்போது நாலு திருகாணியைக் கழற்றினால் பட்டையை மாற்றிவிடலாம், வேண்டுமானால் படத்தையும்.