மாமாவோட தகரப் பொட்டி

மூணு ஞாயிறா என்னை எங்கயும் பார்த்திருக்க மாட்டீங்க. எண்ணூர்ல மாமா வீட்டு வாசல்ல குந்திக்கினு இருந்தேன். எங்கிருந்தோ ஒரு 14 அடி அலுமினியப் படகைப் பழசா வாங்கிட்டு வந்துட்டார். ஊரே ஃபைபர் வச்சிருக்கு, இவருக்கு மட்டும் தகரப் பொட்டி!

ஏறி நின்னதும் தரைப் பலகை டீயில ஊறின பொறை மாதிரி உள்ள போச்சு. பேத்துப் பார்த்தா அடியில அலுமினியம் வெள்ளைப் பொடி பூத்து, குழி குழியா இருக்கு. பலகை மக்காம இருக்கச் செம்பு கலந்த மருந்து ஏத்தியிருப்பாங்க போல. செம்பும் அலுமினியமும் உப்புத்தண்ணியில ஒட்டிக் கிடந்தா பேட்டரி மாதிரிதான். கரையறது அலுமினியம்.

புதுசுக்கு 12 மி.மீ. மரைன் ப்ளைவுட், அதுக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710 பார்த்து எடுத்தோம். அதுலயும் மருந்து இருக்கலாம், அதனால ஓரம், ஸ்க்ரூ ஓட்டை உட்பட எபாக்ஸிப் பிசின் பூசி, பலகைக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல ரப்பர் பட்டையும் வச்சாச்சு.

வயரிங் அதைவிடக் கூத்து. எல்லாம் வீட்டு வயர். சீவினா உள்ள பச்சை பச்சையா களிம்பு. ஃபியூஸ் கிடையாது. நெகட்டிவை பைக் மாதிரி பாடியிலயே கட்டி வச்சிருக்கான் எவனோ ஒரு புண்ணியவான்! அலுமினியத்துல அப்படிப் பண்ணவே கூடாது. எல்லாத்தையும் உருவிட்டு, வெள்ளீயம் பூசின செம்பு வயர் இழுத்து, நெகட்டிவைத் தனியா பேட்டரிக்கே கொண்டாந்தேன். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே.

கடைசியா, வெட்டின செம்புத் துணுக்கு ஒண்ணுகூட அடியில தங்கக் கூடாதுன்னு டார்ச் அடிச்சுப் பொறுக்கிட்டு இருந்தேன். மாமா எட்டிப் பார்த்து, "இன்னாடா, கம்மல் எதுனா தொலைச்சிட்டியா?"ங்கறார்.