திரும்பி வராத நீராவி: சான் டியாகோ நாட்குறிப்பு

2024 மே 7, செவ்வாய்

மருமகன் அலுவலகம் போகும் வழியில் என்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டார். அங்கே ‘மிட்வே’ என்ற பழைய அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் 2004-ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. கரையிலிருந்து பார்த்தால் கப்பலின் வடிவமே தெரிவதில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மதில் நீண்டுகொண்டே போகிறது. 1945 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்டு அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று பணியில் சேர்க்கப்பட்டதால், எந்தப் போருக்காகக் கட்டினார்களோ அந்த இரண்டாம் உலகப் போரை அது பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு 1992 வரை, வியட்நாம் போரையும் வளைகுடாப் போரையும் கண்டு, நாற்பத்தேழு ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

பார்வையாளர்கள் எல்லோரும் மேல்தளத்து விமானங்களை நோக்கி நடந்தார்கள். திருச்சியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கொதிகலன் வேலை பார்த்தவனுக்குக் கால்கள் கீழ்நோக்கித்தான் போயின.

2024 மே 9, வியாழன்

இரண்டாம் முறையாகப் போனேன். இன்று எஞ்சின் அறையில் மட்டும் இரண்டு மணி நேரம் இருந்தேன். செங்குத்தான இரும்புப் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினால், தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் காப்புறை சுற்றிய குழாய்கள். அவற்றுக்கு நடுவே நீராவியால் சுழலும் டர்பைன், அதன் வேகத்தைக் குறைத்து, கப்பலை நீரில் தள்ளும் சுழலியின் தண்டுக்குக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, எதிரே மானிகள் நிறைந்த பலகை. நான்கு சுழலிகளுக்கு நான்கு டர்பைன் தொகுதிகள், அவற்றுக்கு நீராவி தரப் பன்னிரண்டு கொதிகலன்கள், மொத்தம் 2,12,000 குதிரைத்திறன். இதைக் கொண்டு மணிக்கு 33 கடல் மைல் வேகத்தில் ஓடியிருக்கிறது.

நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 600 பவுண்டு. பெரிய அனல்மின் நிலையங்களுக்கு நாங்கள் செய்துகொடுத்த கொதிகலன்களின் அழுத்தம் இதைப்போல நான்கு மடங்கு இருக்கும். எண்ணை மட்டும் வைத்து இதைச் சிறியது என்று சொல்லிவிட முடியாது. எங்கள் கொதிகலன் அசையாத அடித்தளத்தில் நிற்கும். அதன் சுமை கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். இங்கேயோ கப்பல் ஒருபுறம் சாயும்போது, கொதிகலனில் நீராவி நீரிலிருந்து பிரியும் டிரம்மில் இருக்கும் நீர்மட்டமும் சாயும். மேலேயிருந்து வேகத்தைக் கூட்டு என்று ஆணை வந்தால் அந்த நொடியே எரிகுழல்களைத் திறக்க வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. பன்னிரண்டு கொதிகலன்களையும் ஒரே கூடத்தில் வரிசையாக வைக்காமல், ஒவ்வொன்றையும் நீர்புகாத தனித்தனி அறையில் அடைத்திருக்கிறார்கள். ஒரு டார்ப்பீடோ ஒன்றிரண்டு அறைகளை மூழ்கடித்தாலும் மற்றவை எரிந்துகொண்டிருக்கும். பராமரிப்பவனுக்கு இது பெருந்தொல்லை. ஒவ்வொரு அறைக்கும் தனி ஏணி, தனிக் காற்றோட்டம், தனி ஆட்கள். ஆயினும் அடிவாங்கிய பிறகும் ஓட வேண்டிய கப்பலுக்கு இதுவே சரியான அமைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

2024 மே 12, ஞாயிறு

வீட்டிலேயே இருந்தேன். நினைவு நம்முடைய பழைய விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தின் பக்கம் போனது. 1971-இல் அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. மீதி மூன்றைக் கொண்டுதான் அதை வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுபோனார்கள்; டிசம்பர் 4 அன்று அதிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. விரிசல் கண்ட கொதிகலனை வைத்துக்கொண்டே, மற்ற மூன்றையும் நாள்தவறாமல் எரித்தவர்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்பதைக் கொதிகலனோடு வாழ்ந்தவர்களால் ஓரளவு உணர முடியும்.

2024 மே 14, செவ்வாய்

கேட்டபல்ட்டைப் பார்த்தேன். விமானத்தைக் கவண்கல் போல எறியும் இந்த நீராவிப் பொறி, பிரிட்டிஷ் கடற்படையில் காலின் மிட்செல் என்பவர் வகுத்த அமைப்பு. 1950-களின் தொடக்கத்தில் ‘பெர்சியஸ்’ என்ற கப்பலில் அதைச் சோதித்தார்கள். மிட்வேயில் 1955 முதல் 1957 வரை நடந்த மறுசீரமைப்பின்போது அதைப் பொருத்தி, ஓடுதளத்தையும் கோணமாகத் திருப்பினார்கள்.

தளத்துக்கு அடியில் இரண்டு நீண்ட உருளைகள் இணையாகக் கிடக்கின்றன. உருளையின் மேற்புறம் முழு நீளத்துக்கும் பிளந்திருக்கும். பிஸ்டனையும் விமானத்தை இழுக்கும் பிடியையும் இணைக்கும் பகுதி அந்தப் பிளவின் வழியாக ஓடும். பிளவு இருந்தால் நீராவி வெளியேறிவிடாதா என்பதுதான் யாருக்கும் எழும் முதல் கேள்வி. பிஸ்டன் கடந்து போகும்போதே ஓர் உலோகப் பட்டை பின்னாலேயே வந்து படிந்து பிளவை மூடிவிடுகிறது. கசிவு இருக்கத்தான் செய்யும். தளத்தில் எழும் அந்த வெண்புகையைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். சுமார் 76 மீட்டர் ஓட்டத்தில், இரண்டு மூன்று நொடிகளுக்குள் விமானம் பறக்கும் வேகத்தை எட்டிவிடுகிறது. அதன்பின் பிஸ்டனின் கூம்பு முனை நீர் நிறைந்த உருளைக்குள் பாய்ந்து, ஏறத்தாழ 3 மீட்டருக்குள் நின்றுவிட வேண்டும்.

எங்கள் தொழிலில் டர்பைனைச் சுழற்றிய நீராவியைக் குளிர்வித்து, நீராக்கி, மறுபடியும் கொதிகலனுக்கே அனுப்புவோம். சொட்டு நீர்கூட வீணாகக் கூடாது என்பதற்காகவே ஒரு பிரிவு இயங்கும். கேட்டபல்ட்டுக்குப் போகும் நீராவியோ திரும்பி வராது. ஒவ்வொரு விமானத்தோடும் அது காற்றில் கலந்துவிடுகிறது. அதை ஈடுசெய்ய நன்னீர் வேண்டும். சுற்றிலும் கடல் இருந்தும் அந்த உப்புநீர் ஒரு சொட்டுக்கூடக் கொதிகலனுக்குள் போகக் கூடாது. போனால் குழாய்கள் அரித்துப்போகும். ஆகவே கடல்நீரைக் காய்ச்சி வடிக்க வேண்டும், அதற்கும் நீராவிதான் வேண்டும். ஒரு விமானம் மேலெழும் அந்த இரண்டு நொடிகளுக்கு விலை கொடுப்பவர்கள் கீழே இருக்கிறார்கள்.

2024 மே 17, வெள்ளி

மாலுமிகள் உறங்கிய இடங்களைப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று படுக்கைகள். புரண்டு படுத்தால் மேல்படுக்கை தோளில் இடிக்கும். உடைமைகளுக்குப் படுக்கைக்கு அடியில் ஆழமில்லாத ஒரு பெட்டி. சுமார் 4,500 பேர் இப்படி இருந்திருக்கிறார்கள். தன்னார்வ வழிகாட்டியாக இருக்கும் முதியவர் ஒருவர், இதே கப்பலில் கொதிகலன் அறையில் இளம் வயதில் வேலை பார்த்தவர். எனக்கும் கொதிகலன்தான் தொழில் என்று சொன்னவுடன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வடித்த நீரில் கொதிகலனுக்கே முதல் உரிமை. ஆட்கள் குளிப்பது அதற்குப் பிறகுதான் என்றார். உடலை நனைத்துவிட்டுக் குழாயை மூட வேண்டும், சோப்புத் தேய்க்க வேண்டும், மறுபடி திறந்து சட்டென்று கழுவிக்கொள்ள வேண்டும். நாள்கணக்கில் சூரியனைப் பார்க்காமல் இருந்ததும் உண்டாம். அவர் குறையாகச் சொல்லவில்லை.

1986-இல் கப்பலின் நிலைப்புத்தன்மையைக் கூட்டப் பக்கங்களில் எஃகுப் புடைப்புகளைச் சேர்த்ததையும் அவர்தான் சொன்னார். நிமிரும் விசை அளவுக்கு மேல் கூடியதால், கப்பல் சாய்ந்தவுடன் வெடுக்கென்று நிமிர்ந்து முன்னைவிட மோசமாக ஆடத் தொடங்கியதாம்.

2024 மே 21, செவ்வாய்

விமானம் இறங்கும் பகுதியில் நின்றேன். குறுக்கே கட்டிய எஃகு வடத்தை விமானத்தின் வால்கொக்கி பற்றும். வடத்தின் மறுமுனை தளத்துக்கு அடியில் உள்ள ஹைட்ராலிக் பொறியில் சேர்ந்து, திரவத்தை ஒரு வால்வின் வழியே நெருக்கித் தள்ளி வேகத்தை உறிஞ்சும். கொக்கி தவறினால் மேலெழுந்துவிட வேண்டும் என்பதால், தளத்தைத் தொட்டவுடன் விமானி எஞ்சினை முழு விசைக்குக் கொண்டுபோவார்.

இதே தளத்தில், 1975 ஏப்ரல் கடைசியில் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபோது, கொக்கியே இல்லாத ஒரு சிறிய விமானம் இறங்கியது. தென் வியட்நாம் விமானப்படை மேஜர் புவாங் தம்முடைய மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கப்பலைச் சுற்றி வந்து, தளத்தில் இடம் ஒழித்துத் தரும்படி சீட்டு எழுதிப் போட்டார். கேப்டன் லாரன்ஸ் சேம்பர்ஸ் தடுப்பு வடங்களை அகற்றச் சொல்லி, வழியில் நின்ற ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொன்னார். இந்தக் கதையை எல்லோரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

காற்று 15 கடல் மைல் வேகத்தில் வீசியது. அதை எதிர்த்துக் கப்பல் 25-இல் ஓடினால், விமானத்தைத் தாங்கும் எதிர்காற்று 40 ஆகும். 60-இல் இறங்கும் விமானம் தளத்தின் மீது 20-இல் உருளுவதாகக் கணக்கு. ஆனால் கொதிகலன்களில் பாதி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தன. 25-க்கு நீராவி போதாது என்றார் தலைமைப் பொறியாளர். விளக்குகள், சமையலறை, காற்றோட்டம் முதலியவற்றின் மின்சுமையை அவசரகால டீசல் ஜெனரேட்டர்களுக்கு மாற்றி, இருக்கும் நீராவியைச் சுழலிகளுக்கே விடும்படி சேம்பர்ஸ் உத்தரவிட்டார். எழுவரும் பிழைத்தார்கள். அந்த விமானம் இப்போது புளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தச் சுமையை மாற்றியவர்கள் எந்தப் பலகையின் முன் நின்றிருப்பார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்க மறந்துவிட்டேன். சனிக்கிழமை பேரனையும் அழைத்துக்கொண்டு போய், முதலில் அந்த இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும்.