குச்சிக்கிழங்குத் தோலில் மட்கு உரம்: இதுவரை கண்டது

சேலம் மாவட்டத்து ஆத்தூர் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரவை தொடங்கிவிட்டால், சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலைகளின் புறத்தே தோல் குவிந்து ஈரத்திலேயே புளித்து நாறும். மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியைத் தீவனத்திற்கு வாங்கிக்கொள்வோர் உண்டு. தோலுக்கு அவ்வளவு கேட்பு இல்லை. அதனுடன் வீட்டுக் காய்கறிக் கழிவையும் சேர்த்து மட்கவைத்து வருகிறேன்.

தோலில் லினமாரின் என்னும் சயனைடு சார்ந்த சேர்மம் சதையைக் காட்டிலும் மிகுதி. ஆகவே மாடுகள் வாய்வைக்காதபடி வேலியிட்ட இடத்தில் தோலை நசுக்கிப் பரப்பி, வாடிய பிறகே குவியலில் சேர்க்கிறேன். நசுங்கிய தோலின் நொதியே லினமாரினைச் சிதைக்கத் தொடங்கும். அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கக்கூடியது என்பதால், திறந்த வெளியில் காற்றோடு கலைந்துவிடும்.

காற்றோட்டத்திற்கே நான் மிகுந்த கவனம் செலுத்துகிறேன். ஈரத்தோலைத் தனியே குவித்தால் அமுங்கி, அடிப்பகுதி மட்காமல் அழுகிவிடும். எனவே மாடு தின்றதுபோக மிஞ்சிய சோளத்தட்டையையும் வேப்பஞ்சருகையும் இடையிடையே பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் சாணக் கரைசல் தெளிக்கிறேன். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாகப் பெருகும். காய்கறிக் கழிவில் குறைவாக உள்ள கார்பனைத் தட்டையும் சருகும் ஈடுசெய்கின்றன. கைப்பிடி அள்ளி அழுத்தினால் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். உப்பும் எண்ணெயும் கலந்த மிச்ச உணவை நான் சேர்ப்பதில்லை.

குவியலின் நடுவே வெப்பம் 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நின்றால்தான் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெருமளவு அழியும். வெளிப்புறம் அந்தச் சூட்டைப் பெறாது என்பதால், கிளறும்போது அதை உள்ளே தள்ளுவது இன்றியமையாதது. இப்போது கிளறியும் சூடு ஏறவில்லை, புளித்த வாடையும் போய்விட்டது. ஆனாலும் முதிராத மட்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) ஈர்த்துப் பயிரை வெளுக்கச் செய்யும் என்பதால், மட்கு கலந்த மண்ணிலும் வெறும் மண்ணிலும் தண்டுக்கீரை விதைத்து முளைப்பை ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றுபோலவே எழுந்தன.

நெல்லுக்கு எக்டருக்கு 12.5 டன் தொழுவுரம் பரிந்துரைக்கப்படுகிறது. என் குவியல் அதற்கு எட்டாது. ஆகவே இப்பட்டத்தில் கத்தரிப் பாத்திகளில் ஒரு பாதிக்குச் சலித்த மட்கும், மறுபாதிக்குத் தொழுவுரமும் இட்டு, காய்ப்பைத் தனித்தனியே எடைபோடப் போகிறேன். சல்லடையில் நின்ற கட்டிகள் அடுத்த குவியலுக்குப் போகின்றன.