கணிதமா, கணிதமும் நிதியுமா: கையிலிருக்கும் ஆஃபர்களைப் படிக்கும் விதம்

பிரிட்டன் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்து நான்கு ஆஃபர், அதாவது நிபந்தனையோடு இடம் தரும் கடிதம், வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வெறும் கணிதம். ஒன்று மேத்தமேட்டிக்ஸ் வித் ஃபைனான்ஸ். மூன்றாவது மேத்தமேட்டிக்ஸ் அண்ட் ஃபைனான்ஸ். நான்காவது அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ். இவற்றில் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும்: ஃபர்ம் (முதல் தேர்வு) ஒன்று, இன்சூரன்ஸ் (முதல் தேர்வின் நிபந்தனை தவறினால் போகும் மாற்று இடம்) ஒன்று. பெரும்பாலான வீடுகளில் இந்த முடிவைப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் தரவரிசையையும் பார்த்தே எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது இரண்டாம் ஆண்டின் கட்டாயப் பாடப் பட்டியல்.

முதலில் பெயரில் இருக்கும் சிறு சொல்லைக் கவனியுங்கள். ‘வித்’ என்றால் வழக்கமாக முக்கால் பங்கு கணிதம், கால் பங்கு நிதி. ‘அண்ட்’ என்றால் ஏறத்தாழ சரிபாதி. ஆனால் இது வழக்கம்தானே தவிர விதி அல்ல. ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் வேறு வேறு சரக்கை விற்கும். எனவே ஒவ்வொரு ஆஃபருக்கும் ஒரு தாளை எடுத்து, ஆண்டுக்கு 120 கிரெடிட் என்ற கணக்கில், எத்தனை கிரெடிட்டைக் கணிதத் துறை நடத்துகிறது, எத்தனையை வணிகப் பள்ளி நடத்துகிறது என்று எழுதுங்கள். முதலாண்டுக் கணிதம் எல்லா இடத்திலும் ஓரளவு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டாம் ஆண்டில்தான் பாதை பிரிகிறது.

அங்கே தேடவேண்டியவை: அனாலிசிஸ் (கால்குலஸின் அடிப்படைகளை நிரூபணத்தோடு கற்பது), லீனியர் அல்ஜிப்ரா, முதலாண்டுக்கு மேற்பட்ட நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்முறைக் கணிப்புடன் சேர்ந்த புரோகிராமிங். இவற்றில் எது கட்டாயம், எது விருப்பப்பாடம், எது பட்டியலிலேயே இல்லை என்று குறியுங்கள். நிதி சேர்ந்த படிப்புகளில் இடம் போதாமல் முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் அனாலிசிஸ்தான். அது போனால் மூன்றாம் ஆண்டில் மெஷர் தியரியை (நிகழ்தகவின் கடுமையான கணித அடித்தளம்) எடுக்க வழியிருக்காது. அதுவும் போனால் ஸ்டோகாஸ்டிக் கால்குலஸை (தற்செயலாக மாறும் அளவுகளுக்கான கால்குலஸ்) சூத்திரமாகத்தான் கற்கமுடியும்.

அதனால் என்ன நட்டம்? 1973இல் வெளிவந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கின் இன்றைய விலை, ஒப்பந்த விலை, மீதமுள்ள காலம், வட்டி வீதம், ஏற்ற இறக்கத்தின் அளவு என ஐந்து எண்களைப் போட்டால் ஆப்ஷனின் (பங்கைக் குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலை வந்துவிடும். இதைச் செய்யக் கணிதப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பங்கு சராசரியாக எவ்வளவு வேகத்தில் வளரும் என்ற எண் சூத்திரத்தில் எங்குமே இல்லை. ஏன் இல்லை என்று விளக்க, 1940களில் கியோசி இட்டோ உருவாக்கிய கால்குலஸும் நிகழ்தகவு அளவையை மாற்றும் முறையும் வேண்டும். நிதி நிறுவனங்களில் கணித மாதிரிகளை உருவாக்கும் குவான்ட் வேலையில் மதிப்பு இந்த ‘ஏன்’ என்ற இடத்தில்தான் இருக்கிறது. சூத்திரத்தின் அனுமானங்கள் எங்கே உடைகின்றன என்று சொல்லத் தெரிந்தவர்தான் அங்கே தேவை.

கார்ப்பரேட் ஃபைனான்ஸ், கணக்கியல், நிறுவன மதிப்பீடு ஆகியவற்றில் உண்மையான ஈடுபாடு இருந்தால் கதை வேறு. அந்த வேலைகளுக்கு அனாலிசிஸ் தேவையில்லை. நிதிநிலை அறிக்கையைப் படிக்கத் தெரியவேண்டும். பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலின் கூடுதல் கணிதப் பாடமான ஃபர்தர் மேத்ஸில் நிரூபணக் கேள்வி வந்தாலே முகம் சுளிக்கும் மாணவரைச் சம்பளத்தைக் காட்டிக் கணிதத் துறைக்குள் தள்ளுவது அநியாயம். பல்கலைக்கழகக் கணிதத்தில் நிரூபணம்தான் அன்றாட உணவு.

ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் இடரைக் கணிப்பவர்) ஆக விரும்புகிறவர்கள், எந்தப் படிப்பு சிஎஸ்1, சிஎம்1 போன்ற தொழில்முறைத் தேர்வுகளுக்கு விலக்குத் தருகிறது என்று பாருங்கள். விலக்குக்குக் குறிப்பிட்ட பாடங்களில் குறிப்பிட்ட மதிப்பெண் வேண்டும். பட்டம் வாங்கினால் மட்டும் போதாது.

இனி நிபந்தனைகள். ஃபர்ம் கேட்பது ஏ லெவலில் ஏ ஸ்டார் (உச்ச கிரேடு), ஏ ஸ்டார், ஏ என்றும் இன்சூரன்ஸ் கேட்பதும் அதே என்றும் வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஃபர்ம் கை நழுவினால் இன்சூரன்ஸும் கூடவே போகும். குறைந்தது ஒரு கிரேடு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி எந்தப் பாடத்தில் என்பதும் முக்கியம்: மொத்த கிரேடு குறைவாக இருந்தாலும், ‘கணிதத்தில் ஏ ஸ்டார்’ என்று இரண்டு ஆஃபரும் கேட்டால் அது பாதுகாப்பே அல்ல.

சில ஆஃபர்களில் ஸ்டெப் என்ற தனிக் கணித நுழைவுத் தேர்வு ஒட்டிக்கொண்டு வரும். மூன்று மணி நேரம், 12 கேள்விகள், அதில் சிறந்த ஆறுக்கு மட்டும் மதிப்பெண். ஏ லெவலில் ஏ ஸ்டார் வாங்குபவர்கூடத் தயாரிப்பில்லாமல் போனால் இதில் திணறுவார். ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் விடாமல் போராடும் பழக்கம் ஒரு மாதத்தில் வராது. இதற்குப் பதிவும் தனி. ஆஃபரில் ‘கிரேடு கூடுதல், அல்லது கிரேடு சற்றுக் குறைவு, கூடவே ஸ்டெப்’ என்று இரண்டு வழி இருந்தால், எந்த வழி உங்களுக்கானது என்று இப்போதே முடிவுசெய்யுங்கள்.

இன்சூரன்ஸ் வெறும் ஒப்புக்கு அல்ல. ஃபர்ம் நிபந்தனை தவறி இன்சூரன்ஸ் நிபந்தனை நிறைவேறினால், உங்கள் இடம் அங்கேதான். வேறெங்காவது போக அதை விலக்கிவிட்டு கிளியரிங்குக்குள் (நிரம்பாத இடங்களைக் கடைசி நேரத்தில் நிரப்பும் சுற்று) இறங்கவேண்டும். ஆகவே போக மனமில்லாத படிப்பை அந்த இடத்தில் வைக்காதீர்கள். பதிலளிக்கும் கடைசி நாள் யூகாஸ் பக்கத்தில் இருக்கும்; அதைத் தவறவிட்டால் ஆஃபர்கள் தானாகவே நிராகரிக்கப்படும்.

இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த நான்கு ஆண்டுக் கணிதப் பட்டமான எம்மேத் பற்றி ஒரு பணக் கணக்கு. அதன் நான்காம் ஆண்டுக்கும் இளநிலை மாணவர் கடனே கிடைக்கும். மூன்று ஆண்டில் பிஎஸ்சி முடித்துவிட்டுத் தனியாக நிதிக் கணித எம்எஸ்சி போனால் முதுநிலைக் கடன்தான். லண்டனின் பல படிப்புகளில் அது கட்டணத்துக்கே போதாது. முடிவாகாதவர்கள் நான்கு ஆண்டுப் படிப்பில் சேர்வது நல்லது. பிறகு மூன்றுக்குக் குறைப்பது பெரும்பாலும் எளிது.

கடைசியாக, பதில் அழுத்துமுன் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்கவேண்டியவை மூன்று. முதலாண்டு முடிவில் கூட்டுப் படிப்பிலிருந்து வெறும் கணிதத்துக்கு மாறலாமா? மாற என்ன பாடங்கள், என்ன மதிப்பெண் வேண்டும்? இரண்டாம் ஆண்டு அனாலிசிஸ் என் படிப்பின் கால அட்டவணையோடு மோதுமா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. விருப்பப்பாடம் என்று பட்டியலில் இருக்கும். அதே நேரத்தில் வணிகப் பள்ளியின் கட்டாய வகுப்பு நடக்கும். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.