குளிரில் கிளம்பாத கணினி

18 டிசம்பர் 2024

அண்ணனின் அரிசி ஆலையில் ரசீது போடும் பழைய கோர் 2 டியோ கணினி, மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் கிளம்புவதில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் தானாகவே சரியாகி, மாலைவரை நிற்காமல் ஓடுகிறது. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டு போய்விட்டது என்று சர்வீஸ் கடையில் சொல்லிவிட்டார்கள். பழைய பிரிண்டர்களை மாட்டும் பேரலல் போர்ட் உள்ள இந்தக் கணினியை நம்பித்தான் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கிறது என்பதால், அளந்து பார்க்காமல் அந்த முடிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

19 டிசம்பர்

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே கழற்றி, 24 பின் இணைப்பில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்தவுடன் மின்விசிறி சுழன்றது. இதைக் கண்டதுமே எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் கணினிக்குள் அந்தப் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்துவிட வேண்டியது மதர்போர்டு. அதற்கு வேண்டிய மின்சாரம், கணினி அணைந்திருக்கும்போதும் ஊதாக் கம்பியில் வந்துகொண்டிருக்கும் 5 வோல்ட்டிலிருந்துதான் கிடைக்கிறது.

20 டிசம்பர்

விடியற்காலையில், எல்லாவற்றையும் மாட்டிய நிலையிலேயே ஊதாக் கம்பியை அளந்தேன். 4.75 வோல்ட்டுக்குக் குறையவே கூடாத இடத்தில் 4.2தான் இருந்தது. மீட்டர் முனையை எடுக்காமல் காத்திருக்க, எண் மெல்ல மெல்ல ஏறி 4.8ஐத் தொட்டது, அப்போது பொத்தானை அழுத்தியதும் கணினி கிளம்பியது. மதர்போர்டின் மேல் விழுந்த பழி அந்த நிமிடமே நீங்கிவிட்டது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டரில் மின்பகு திரவம் வற்றினால், அதன் உள்தடை கூடி மின்னழுத்தம் இறங்கிவிடும். குளிரில் அந்தத் தடை இன்னும் கூடும், சூடேறினால் குறையும். காலையில் மட்டும் வரும் பழுதுக்குக் காரணம் அதுவாகவே இருக்க வேண்டும்.

22 டிசம்பர்

எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் திறந்தேன். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாகி ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கி நிற்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உயிரைப் பறிக்கக்கூடியது. ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் உறுதிசெய்த பிறகே கை வைத்தேன். இதில் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் தொடாமல் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடுவதுதான் சரி.

தவிட்டுத் தூசியைத் துடைத்ததும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கை ஒட்டி நின்ற 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர் கண்ணில் பட்டது. அதன் தலை உப்பி, வெட்டுக்கோட்டின் ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

28 டிசம்பர்

சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்த, 105 டிகிரி வரை தாங்கும், குறைந்த உள்தடை கொண்ட கெப்பாசிட்டரை, எதிர்முனைக் கோட்டைச் சரிபார்த்து நேற்று மாலை பற்றவைத்தேன். இன்று காலைக் குளிரில் ஊதாக் கம்பி 5.07 காட்ட, முதல் அழுத்தத்திலேயே கணினி கிளம்பியது. ஓடும்போது 12 வோல்ட் கம்பியில் 11.92 இருக்கிறது, 11.40 வரை அனுமதி உண்டு. ஆனால் மின்னழுத்தத்தின் மேல் படியும் சிற்றலையைச் சாதாரண மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது. அதனால், அதே சூட்டில் அத்தனை காலம் கிடந்த மற்ற சிறிய கெப்பாசிட்டர்களையும் பொங்கலுக்குள் மாற்றிவிடலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.